60 செடியா, 3 பாத்தியா? ஆராய்ச்சி மாணவர் புள்ளியியலை எங்கிருந்து தொடங்குவது

வெண்டைப்பாத்தி:

அனைவருக்கும் வணக்கம். தாவரவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. கடற்பாசிச் சாறு தெளித்தால் வெண்டை கூடுதலாக வளர்கிறதா என்பது என் சோதனைகளில் ஒன்று. 6 பாத்திகள் போட்டேன். மூன்றுக்குச் சாறு, மூன்றுக்கு வெறும் தண்ணீர். பாத்திக்கு 20 செடி. 45ஆம் நாள் 120 செடிகளையும் குனிந்து குனிந்து அளந்தேன். முதுகு இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

சாறு தெளித்தவற்றின் சராசரி உயரம் 49 செ.மீ., தண்ணீர் தெளித்தவை 44. கல்லூரிக்கு எதிரே ஒரு கணினி மையம் இருக்கிறது; ஆய்வேடு தட்டச்சு, பைண்டிங், 'டேட்டா அனாலிசிஸ்' எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். அங்கே கோப்பைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அச்செடுத்துக் கொடுத்தார்கள்: டி-சோதனையில் டி = 4.2, பி-மதிப்பு (சாறு வேலையே செய்யாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.0001க்கும் கீழே. பணத்தைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு மகிழ்ச்சி.

போன வாரம் துறைக் கருத்தரங்கில் இதைக் காட்டினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் 'என்' எத்தனை?" மாதிரி எண்ணிக்கையைத்தான் கேட்டார். ஒரு பிரிவுக்கு 60 என்றேன். "மூன்று இல்லையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு. இளநிலையில் ஒரு பருவம் புள்ளியியல் இருந்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேறினேன். இப்போது ஆதியிலிருந்து கற்க வேண்டும். எங்கே தொடங்குவது? அதற்கு முன், 60 சரியா 3 சரியா என்று யாராவது சொல்லுங்களேன்.

எதிர்க்கட்சி:

60தான். அளந்தது 60 செடி, எழுத வேண்டியதும் 60. எத்தனையோ கட்டுரைகள் இப்படித்தான் வந்திருக்கின்றன. கருத்தரங்கில் யாராவது ஒருவர் எதையாவது கேட்கத்தான் செய்வார். அது அவர் வந்த வேலை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், நீங்களோ 20 சோறு எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள். பேசாமல் ஆய்வேட்டை எழுதுங்கள்.

பல்லாண்டு:

பல் மருத்துவ முதுநிலை மாணவன். எனக்கும் இதே அடி விழுந்தது, ஆகவே சொல்கிறேன். 10 நோயாளிகள், ஆளுக்கு 6 பற்களில் ஈறு ஆழத்தை அளந்து 'என் = 60' என்று எழுதினேன். வழிகாட்டி சிவப்பு மையால் வட்டம் போட்டு, "இந்த 60 பேரும் தனித்தனியாகப் பல் தேய்க்கிறார்களா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ஒரே வாயில் இருக்கும் பற்களுக்கு ஒரே எச்சில், ஒரே வெற்றிலைப் பழக்கம், ஒரே சோம்பல். அவை ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரே பாத்தியில் நிற்கும் செடிகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மூத்த கணக்கன்:

வெண்டைப்பாத்தி அம்மா, நான் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் 31 ஆண்டுகள் இந்தக் கணக்கையே பார்த்து ஓய்வு பெற்றவன். தீர்ப்புச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, 6 பாத்திகளின் சராசரி தனித்தனியாக. இன்னொன்று, அந்த 6 பாத்திகளும் நிலத்தில் எந்த வரிசையில் இருந்தன என்ற படம். படம் இல்லாமல் கணக்குப் பார்ப்பது, நோயாளியைப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது மாதிரி.

பானைச் சோறு பற்றி ஒரு வார்த்தை. பழமொழி சரிதான். ஆனால் ஒரே பானையிலிருந்து 20 சோறு எடுத்தாலும் தெரிவது அந்த ஒரு பானையைப் பற்றித்தான். பக்கத்து வீட்டுப் பானை வெந்ததா இல்லையா என்று அதிலிருந்து எப்படிச் சொல்வது?

வெண்டைப்பாத்தி:

நன்றி ஐயா.

சாறு: 48, 53, 46. தண்ணீர்: 44, 47, 41. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) ஏறத்தாழ 6 செ.மீ. வருகிறது.

வரிசை... இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சாறு தெளித்த மூன்றும் கிழக்கே, தண்ணீர்ப் பாத்திகள் மூன்றும் மேற்கே. தெளிக்கும்போது சாரல் அடுத்த பாத்தியில் படக்கூடாதே என்று அப்படி வைத்தேன். மேற்கு வரப்பில் ஒரு புளியமரம் நிற்கிறது. மாலை 4 மணிக்கு மேல் அதன் நிழல் தண்ணீர்ப் பாத்திகள் மேல் விழும். அன்றைக்கு அது மனதில் படவில்லை.

மூத்த கணக்கன்:

கூச்சப்பட ஒன்றும் இல்லை. புளியமரத்தைச் சொல்லாமல் மறைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் சாறு தெளிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தது பாத்தி பாத்தியாக. செடி செடியாக அல்ல. எதன்மேல் சிகிச்சையை ஏற்றினீர்களோ அதுதான் சோதனை அலகு. ஆகவே பிரிவுக்கு 3 எண்கள்தான்.

48, 53, 46 ஆகியவற்றின் சராசரி 49. விலகல்கள் −1, 4, −3. வர்க்கங்களைக் கூட்டினால் 26. மறுபக்கம் 44, 47, 41: சராசரி 44, விலகல்கள் 0, 3, −3, கூட்டினால் 18. இரண்டும் சேர்ந்து 44. அதை 4ஆல் (6 எண்களில் 2 சராசரிகளைக் கழித்தது; இதைத்தான் டி.எஃப்., degrees of freedom, என்பார்கள்) வகுத்தால் 11. இதுதான் பாத்திக்குப் பாத்தி உள்ள மாறுபாடு. இரு சராசரிகளின் வேறுபாட்டுக்குத் திட்டப் பிழை (11 × 2/3)இன் வர்க்கமூலம், அதாவது 2.7. வேறுபாடு 5. 5ஐ 2.7ஆல் வகுத்தால் டி = 1.85. அட்டவணையில் 4 டி.எஃப்.புக்கு வேண்டியது 2.78. நம் வேளாண் ஆய்வேடுகளின் பாஷையில் சொன்னால் சி.டி. மதிப்பு (வேறுபாடு தாண்ட வேண்டிய எல்லை) 7.5, உங்கள் வேறுபாடு 5, தாண்டவில்லை. பி ஏறத்தாழ 0.14.

எண்கள் அதே எண்கள்தான். 0.0001 எங்கே, 0.14 எங்கே!

நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் முதலில் கற்க வேண்டும். பாத்திச் சராசரிகளின் மாறுபாடு 11. அதில் செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டால் வருவது, திட்ட விலக்கம் 6இன் வர்க்கம் 36ஐ 20ஆல் வகுத்தது, அதாவது 1.8 மட்டும். மீதி 9.2 பாத்தியின் சொந்தச் சொத்து: மண், ஈரம், நிழல், வாய்க்காலுக்கு எவ்வளவு பக்கம் என்பது. ஒற்றைச் செடியின் மொத்த மாறுபாட்டில் (36 + 9.2 = 45.2) அது ஐந்தில் ஒரு பங்கு. பாத்திக்கு 20 செடி அளக்கும்போது இந்த ஐந்தில் ஒரு பங்கு உங்கள் 60 செடியைத் தின்று தின்று ஏறத்தாழ 12 ஆக்கிவிடுகிறது. 48 செடிகளுக்கு வீணாகக் குனிந்திருக்கிறீர்கள்.

எதிர்க்கட்சி:

பொறுங்கள், நானும் கணக்குப் போடத் தெரிந்தவன்தான். முதல் பாத்தியை முதல் பாத்தியோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஜோடி சேருங்கள். 48−44 = 4, 53−47 = 6, 46−41 = 5. சராசரி 5, திட்ட விலக்கம் 1. டி = 8.66, பி = 0.013. ஜோடி டி-சோதனை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. செடிகளைத் தொடவே இல்லை, பாத்திகளை மட்டும்தான் எடுத்தேன். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மூத்த கணக்கன்:

கணக்கு பிசகில்லை, ரசித்தேன். ஆனால் 3 பாத்திகளை 3 பாத்திகளோடு ஜோடி சேர்க்க 6 வழிகள் உண்டு. நீங்கள் எடுத்தது அந்த ஆறில் மிக நன்றாக வருவது. 48ஐ 41ஓடும் 53ஐ 44ஓடும் 46ஐ 47ஓடும் சேர்த்துப் பாருங்கள்: 7, 9, −1. சராசரி அதே 5தான். பி மட்டும் 0.24. இரண்டில் எது உண்மை என்று நிலம்தான் சொல்ல வேண்டும். நிலத்தில் இவை ஜோடியாக நிற்கவே இல்லை. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு. ஜோடியை விதைக்கும்போது சேர்க்க வேண்டும், எண்களைப் பார்த்த பிறகு சேர்த்தால் அதற்குப் பெயர் வேறு.

ஆனாலும் எதிர்க்கட்சி அறியாமலே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டார். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளை உண்மையிலேயே ஜோடியாக வைத்து, ஜோடிக்குள் எதற்குச் சாறு என்று நாணயத்தைச் சுண்டி முடிவு செய்திருந்தால், இதே 6 எண்களுக்கு அந்த 0.013 நேர்மையான விடை. பாத்தியும் செடியும் செலவும் அதேதான். படம் மட்டும் வேறு.

ஆர்வலன்:

சூத்திரம் பயமாக இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். 6 துண்டுச் சீட்டு எடுத்து 48, 53, 46, 44, 47, 41 என்று எழுதுங்கள். சாறு எதுவுமே செய்யாது என்று வைத்துக்கொண்டால் எந்தச் சீட்டும் எந்தப் பக்கமும் விழுந்திருக்கலாம். மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகள்தான் உண்டு. மாலைக்குள் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். அந்த இருபதில் வேறுபாடு 5ஓ அதற்கு மேலோ வருவது எத்தனை என்று எண்ணுங்கள். நான் எண்ணிவிட்டேன்: சாறு பக்கம் இரண்டு, தண்ணீர்ப் பக்கம் இரண்டு, ஆக 4. 4/20 = 0.2. இதுதான் பி-மதிப்பு. இதற்கு டி அட்டவணையும் வேண்டாம், மணி வளைவும் வேண்டாம்.

இதில் இன்னொன்றும் புலப்படும். பிரிவுக்கு 3 என்றால் மிக மிக நல்ல முடிவு வந்தாலும் இரு பக்கமும் சேர்த்து 2/20 = 0.1. அதாவது இந்த வழியில் வழக்கமான வரம்பான 0.05ஐ உங்களால் எந்த ஜென்மத்திலும் தொட முடியாது. விதை போடும் முன்பே தெரிந்திருக்கக்கூடிய செய்தி இது.

பிரிவுக்கு 4 என்றால் 70 வழிகள்; 2/70 = 0.029. புள்ளியியலாளர் ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில் வரும் தேநீர்க் கோப்பைக் கணக்கும் இதே எழுபதுதான். 8 கோப்பைகளில் நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். சுவைத்தே பிரித்துவிடுவேன் என்றார் ஓர் அம்மையார். வெறும் ஊகத்தில் எல்லாம் சரியாக அமைய வாய்ப்பு 70இல் 1. அந்தக் கதைக்கு மூலமான மியூரியல் பிரிஸ்டல், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் பாசிகளை ஆராய்ந்தவர். உங்கள் துறைக்காரர்தான்!

வெண்டைப்பாத்தி:

ஆர்வலன், சீட்டு எழுதி எண்ணிப் பார்த்தேன். 53, 48, 47 ஒரு பக்கம். 53, 48, 46 இன்னொன்று. அவ்வளவுதான், வேறு எதுவும் 5ஐ எட்டவில்லை. இத்தனை ஆண்டுகளில் பி-மதிப்பு என்றால் என்னவென்று முதல் தடவையாகக் கையில் பிடித்துப் பார்த்த மாதிரி இருக்கிறது. அம்மா வந்து "என்ன, ஏலச்சீட்டுக் குலுக்கலா?" என்று கேட்டார்.

யாழ்வழி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் புள்ளிவிபரவியல் என்போம், நீங்கள் புள்ளியியல் என்கிறீர்கள். அதில் சண்டை இல்லை. ஆனால் தமிழில் படிக்க நினைக்கும் தங்கைக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் பாடநூல்களில் 'இடை' என்றால் சராசரி. உங்கள் பாடநூல்களில் 'இடைநிலை' என்றால் வரிசைப்படுத்தியதில் நடுவில் நிற்கும் எண், அதை நாங்கள் 'இடையம்' என்போம். உங்கள் திட்ட விலக்கம் எங்களுக்கு நியம விலகல். நீங்கள் சமவாய்ப்பு (சீட்டுக் குலுக்குவது போலத் தற்செயலுக்கு விடுவது) என்பதை நாங்கள் எழுமாற்று என்போம். இரண்டு கரைக் குறிப்புகளையும் கலந்து படித்தால் தலை சுற்றும். முதல் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்குங்கோ.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். படம் வரைவதில் இருந்து. சோதனைகளின் பெயர்களில் இருந்து வேண்டாம். 1973இல் ஆன்ஸ்கம் என்பவர் நான்கு தரவுத் தொகுதிகளைச் செய்து காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் ஒரே சராசரி, ஒரே மாறுபாடு. இணைபுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) நான்கிலும் 0.816, பொருத்தும் கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டைச் சுற்றிய சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் ஒரு புள்ளி மட்டும் துள்ளி நிற்கிறது, ஒன்றில் ஒரேயொரு புள்ளிதான் கோட்டையே இழுத்துப் பிடித்திருக்கிறது. என் மாணவருக்கு முதல் வகுப்பில் எண்களை மட்டும் கொடுத்துக் கணக்கிடச் சொல்வேன். எல்லோருக்கும் ஒரே விடை வந்ததும் வகுப்பே கூடிப் பார்த்து எழுதிவிட்டதாக ஆளை ஆள் சந்தேகிப்பார்கள். பிறகு வரையச் சொல்வேன்.

உங்கள் 120 உயரங்களையும் பாத்திவாரியாக 6 வரிசைப் புள்ளிகளாகப் போட்டிருந்தால், அவை ஆறு கூட்டங்களாக நிற்பதைப் பேராசிரியை சொல்வதற்கு முன்பே உங்கள் கண் சொல்லியிருக்கும்.

கருத்துக்கணிப்பு:

சமூகவியல் பக்கத்திலிருந்து ஒரு வரி. எங்கள் ஊரில் பாத்திக்குப் பெயர் கிராமம். 8 கிராமங்களில் 400 வீடுகளைக் கேட்டுவிட்டு 400 என்று எழுதுவோம். அதில் நான்கு கிராமங்களில்தான் நாங்கள் ஆராயும் திட்டமே நடந்திருக்கும். இழையைப் படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம்.

எதிர்க்கட்சி:

சரி, ஜோடி விஷயத்தில் தோற்றேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் ஃபிஷரை வேதமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த டி-சோதனையைக் கண்டுபிடித்த காசெட்டே சமவாய்ப்பை முழு மனதாக ஏற்கவில்லையே? டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் அந்தக் கட்டுரையை எழுதியவர். கையில் சில மாதிரிகள் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர் கேள்வி. பார்லி வயலில் ஒழுங்குமுறையாக மாற்றி மாற்றிப் போடுவதே மேல் என்று கடைசி வரை ஃபிஷரோடு மல்லுக்கு நின்றார். பிறகு இந்தப் பெண் கிழக்கு மேற்கு என்று ஒழுங்காக வைத்தது மட்டும் எப்படிக் குற்றம் ஆகும்?

மூத்த கணக்கன்:

நல்ல கேள்வி, இதை எதிர்பார்க்கவில்லை. காசெட் 1937இல் இறந்தார்; சமநிலை அமைப்பா சமவாய்ப்பா என்ற அவருடைய கட்டுரை மறு ஆண்டுதான் அச்சில் வந்தது. அந்த விவாதம் இன்றும் படிக்கத் தக்கது. ஆனால் காசெட் கேட்டது 'சமநிலை'. சாறு, தண்ணீர், தண்ணீர், சாறு என்று மாறி மாறி வந்து, நிழலும் வளமும் இருவருக்கும் ஒரே மாதிரி பங்காக வேண்டும் என்பதே அவர் பேச்சு. மூன்றையும் ஒரு கோடியில், மூன்றையும் மறு கோடியில் வைப்பதை இருவருமே ஏற்க மாட்டார்கள். காசெட்டும் ஃபிஷரும் ஒன்றுசேர்ந்து கண்டிக்கும் அமைப்பு அது ஒன்றுதான்.

அதனால், அம்மா, 0.14 என்று நான் சொன்னதைக்கூட நம்பாதீர்கள். வேறுபாடு 5 செ.மீ. சாற்றினாலா புளியமரத்தினாலா என்று எந்தச் சூத்திரமும் பிரித்துத் தராது. அது கணக்கின் குறை இல்லை.

பல்லாண்டு:

மருத்துவத்தில் சமவாய்ப்பு எதற்கு என்பதற்கு 1948 ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை எங்களுக்குப் பாடமாக வைப்பார்கள். காசநோய்க்கு அந்த மருந்து பிரிட்டனில் கொஞ்சமே கிடைத்த நேரம். யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று நோயாளியைச் சேர்க்கும் மருத்துவருக்கே தெரியாது. தெரிந்தால் கை தானாகச் சாயும்: பிழைப்பார் என்று தோன்றுபவருக்கு மருந்து போகும். 6 மாதத்தில் மருந்துப் பிரிவில் 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், ஓய்வுப் பிரிவில் 52 பேரில் 14 பேர்.

நான் இதில் கற்றது பி-மதிப்பை அல்ல. 7 சதவீதம், 27 சதவீதம், வேறுபாடு 20. அதற்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளியை (உண்மை வேறுபாடு இருக்கக்கூடிய எல்லைகளை) கையால் போட்டால் ஏறத்தாழ 6 முதல் 34 வரை வருகிறது. மருந்து வேலை செய்கிறது என்பதும் தெரிகிறது, எவ்வளவு என்பது இன்னும் பிடிபடவில்லை என்பதும் தெரிகிறது. 'முக்கியத்துவம் உண்டு' என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தால் இரண்டாவது செய்தி காணாமல் போயிருக்கும். உங்கள் வெண்டைக்கும் அப்படி எழுதுங்கள் அக்கா.

அப்புறம் ஒன்று. பி = 0.03 என்றால் 'மருந்து பயனற்றது என்பதற்கு 3 சதவீத வாய்ப்பு' என்று என் தேர்வில் எழுதிவைத்தேன். அது தவறு. பயனற்றது என்று வைத்துக்கொண்டால் இப்படியோ இதைவிடக் கூடுதலாகவோ வேறுபாடு வர எவ்வளவு வாய்ப்பு என்பதே பி. தலைகீழாகப் படிக்கக்கூடாது. 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் இதற்கென்றே ஓர் அறிக்கை விட வேண்டியிருந்தது என்றால், நான் மட்டும் முட்டாள் இல்லை என்று ஆறுதல்.

வெண்டைப்பாத்தி:

கணக்கன் ஐயாவின் எண்ணை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். 5 கூட்டல் கழித்தல் 7.5. அதாவது −2.5 முதல் 12.5 செ.மீ. வரை. சாறு செடியைக் குட்டையாக்கியிருக்கவும் கூடும், 12 செ.மீ. கூட்டியிருக்கவும் கூடும், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். புளியமரம் தனி.

வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். பயந்துகொண்டேதான் போனேன். "அப்படியானால் இது முன்னோட்டம், அடுத்த விதைப்புப் பட்டத்தில் திரும்பப் போடு" என்றார். கணினி மையத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

எப்படிப் போடுவது ஐயா? என்னிடம் ஆள் பலம் 120 செடி அளக்கும் அளவுக்குத்தான்.

மூத்த கணக்கன்:

1938இல் கல்கத்தாவில் முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி ஃபிஷர் பேசியதில் ஒரு வாக்கியம் உண்டு: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை கேட்பது போன்றது, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும். என் அறைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிணத்தோடுதான் வந்தார்கள். நீங்கள் இந்தத் தடவை விதைப்பதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இன்று நல்ல நாள்.

அதே 120 செடி போதும். முதலில் ஒன்று பாருங்கள். பழைய அமைப்பில் 3 பாத்தி, பாத்திக்கு 20 என்றபோது பிரிவுச் சராசரியின் மாறுபாடு 11/3, அதாவது 3.7. அதையே 6 பாத்தி, பாத்திக்கு 10 என்று வைத்திருந்தால் (9.2 + 36/10)/6, அதாவது 2.1. குனிந்தது அதே 60 தடவை. செடியைக் குறைத்துப் பாத்தியைக் கூட்டுவதே லாபம்.

இப்போது அமைப்பு. வெறும் 'சாறு உண்டா இல்லையா' என்பதைவிட அளவையும் சேர்த்துக் கேளுங்கள்: தண்ணீர், அதோடு சாறு மூன்று செறிவுகளில். ஆக 4 ட்ரீட்மென்ட் (சிகிச்சை). 5 பிளாக் (ஒரே மாதிரி நிலத்தில் நிற்கும் பாத்திகளின் தொகுதி). பிளாக்குக்கு 4 பாத்தி, மொத்தம் 20 பாத்தி, பாத்திக்கு 6 செடி அளந்தால் 120. எரர் டி.எஃப். (4−1) × (5−1) = 12. எங்கள் காலத்தில் 12க்குக் குறையக்கூடாது என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அது வேதவாக்கு இல்லை, ஆனால் கெட்ட பழக்கமும் இல்லை. இரண்டே ட்ரீட்மென்ட் வைத்து அந்தப் பன்னிரண்டை எட்ட 13 பிளாக் வேண்டும்.

ஒரே பிளாக்கில் நிழலும் வெயிலும் கலந்து வராமல் அடுக்குங்கள். நிழல் விழும் நான்கு பாத்தியும் ஒரே பிளாக்கில் இருக்கட்டும், வெயிலில் நிற்கும் நான்கும் இன்னொன்றில். பிளாக்குக்குள் எது எங்கே என்று சீட்டுக் குலுக்குங்கள், ஒவ்வொரு பிளாக்குக்கும் புதிதாக. சாரல் பிரச்சினைக்கு இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒரு வரிசை அளக்காத செடி விடுங்கள். அல்லது தெளிக்கும்போது சாக்குத் திரை பிடிக்கச் சொல்லுங்கள். அதற்காகப் பாத்தியைக் கிழக்கே ஒதுக்க வேண்டாம். அளக்கும் 6 செடிகளையும் கண்ணுக்கு அழகானதாகப் பார்த்துப் பொறுக்காமல், 'ஓரம் விட்டு மூன்றாவது, ஆறாவது' என்று முன்கூட்டியே எழுதிவைத்து எடுங்கள்.

ஆர்வலன்:

அதோடு, விதைப்பதற்கு முன் ஒரு பொய்த் தரவை உருவாக்கிப் பாருங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இரண்டு பேராசிரியர்கள் தொடங்கிய வேலை அது. முதல் முழுப் பதிப்பு வெளிவந்த நாள் 2000 பிப்ரவரி 29. பிறந்தநாள் கொண்டாட நான்காண்டு காத்திருக்க வேண்டிய மென்பொருள். பாத்தி மாறுபாடு 9, செடி மாறுபாடு 36, சாற்றின் விளைவு 4 செ.மீ. என்று நீங்களே முடிவு செய்து, 20 பாத்திகளுக்கும் எண்களை உருவாக்கச் சொல்லி ஆயிரம் தடவை ஓட்டுங்கள். எத்தனை தடவை விளைவைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். உண்மை இன்னதென்று நமக்கே தெரிந்த தரவில் பழகினால்தான், தெரியாத தரவில் எங்கே வழுக்குகிறோம் என்பது புரியும். நான் பல பாடக் காணொளிகளைப் பார்த்துப் புரியாததை, இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புரிந்துகொண்டேன்.

கருத்துக்கணிப்பு:

வாய்மொழித் தேர்வு முடிந்தது. கிராமத்தை நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அறிமுக உரையிலேயே, 'இது 400 அல்ல, 8' என்று. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அடுத்த ஒரு மணி நேரமும் அதைப் பற்றியே பேசினார். திருத்தங்களோடு தேறினேன்.

எதிர்க்கட்சி:

வாழ்த்துகள். (இதற்கு எதிராகச் சொல்ல இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.)

வெண்டைப்பாத்தி:

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். 20 பாத்தி போட்டாயிற்று. பிளாக்குக்கு நான்கு சீட்டு. தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணனை விட்டே எடுக்கச் சொன்னேன். மூன்றாம் பிளாக்கில் தண்ணீர்ச் சீட்டு வாய்க்காலை ஒட்டிய நல்ல இடத்தில் வந்து விழுந்தது. "இன்னொரு தடவை குலுக்கலாமா?" என்று அண்ணனே கேட்டார். எனக்கும் கை துறுதுறுத்தது. மாற்றவில்லை, எழுதிக்கொண்டேன்.

இப்போது வேறு கவலை. நேற்று அதிகாலை மயில் இறங்கி, நான்காம் பிளாக்கில் இரண்டாம் செறிவுப் பாத்தியில் அளக்க வேண்டிய 6 செடிகளில் 2 செடிகளின் நுனியைக் கொத்திவிட்டது. ஓரச் செடிகளில் நல்லதாக இரண்டைப் பார்த்து அவற்றுக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்ளலாமா?

மூத்த கணக்கன்:

வேண்டாம் அம்மா. மீதி 4 செடிகளின் சராசரியை எடுங்கள், அந்தப் பாத்தி அந்தப் பாத்தியாகவே இருக்கட்டும். தேதி, செடி எண், மயில் என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மற்ற பாத்திகளில் கொத்தவில்லையா என்றும் இன்றே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். சாறு தெளித்த செடி மயிலுக்குக் கூடுதலாகப் பிடிக்கிறது என்றால் அது வேறு ஆய்வேடு.

எதிர்க்கட்சி:

மயிலுக்கு 'என்' எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.